பழைய ஸ்டீல் கிடார் வாங்கும் முன்...

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு)



கொல்லிமலை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், மிளகு, பலாப்பழம். தமிழ் வாத்தியார் பாடத்தைக் கவனித்தவர்களுக்கு வல்வில் ஓரி. "அந்த மலையிலிருந்து வந்த பையன் ஸ்டீல் கிடாரைப் பற்றி எழுதுகிறானே, இவனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுவிடாதீர்கள். ஓரியிடம் பரிசு வாங்கியவர்கள் பாணர்கள். யாழும் முழவும் சுமந்து மலையேறிய கலைஞர்கள். வன்பரணர் இதைப் புறநானூற்றிலேயே பாடி வைத்திருக்கிறார். ஆகவே எங்கள் மலைக்கும் நரம்புக் கருவிக்கும் ரொம்பப் பழைய உறவு.

என் உறவு போன வருஷம்தான் ஆரம்பித்தது. ஹாஸ்டலில் பக்கத்து அறை அண்ணன் ஒருவர் ராத்திரி செல்போனில் ஒரு பாட்டு வைப்பார். வாய்ப்பாட்டு இல்லை, வெறும் கம்பி. ஆனால் யாரோ தொண்டையைத் திறந்து அழுகிற மாதிரி இருக்கும். "என்னண்ணே இது, வீணையா?" என்று கேட்டேன். "கிடார்டா. விஸ்வ மோகன் பட் வாசிக்கிறார்" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. நானும் ஒன்று வாங்க வேண்டும் என்று கிளம்பினேன். கிளம்பியவன் எங்கே போய் முட்டிக்கொண்டேன், என்ன தெரிந்துகொண்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டீல் கிடார் என்றால் என்ன?

பலர் நினைப்பதுபோல் ஸ்டீலில் செய்த கிடார் இல்லை. சாதாரண கிடாரில் இடது கை விரலால் கம்பியை மெட்டின் மேல் அழுத்துகிறோம். ஸ்டீல் கிடாரில் அழுத்துவதே கிடையாது. கருவியை மடியில் படுக்க வைத்து, ஒரு எஃகு உருளையைக் கம்பியின் மேல் தொட்டபடி நகர்த்துகிறோம். அந்த உருளைதான் 'ஸ்டீல்'. உருளை நகர நகரக் கம்பியின் அதிரும் நீளம் மாறுகிறது, சுருதி வழுக்கிக்கொண்டே போகிறது. இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள இடமெல்லாம் கைக்குக் கிடைக்கும். நம்ம ஊர் கமகத்துக்கு இது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

உருளை மெட்டில் இடிக்கக்கூடாது என்பதற்காகக் கம்பிகளை உயரத் தூக்கியிருப்பார்கள். கழுத்தின் மேல்முனையில் கம்பி தங்கும் துண்டை, வீணைக்காரர்கள் மேரு என்பார்கள், உயரமாக வைத்தால் போதும். சாதாரண கிடாரே ஸ்டீல் கிடார் ஆகிவிடும். இந்த வசதியால்தான் உலகம் முழுக்க ஆளாளுக்கு இந்தக் கருவியை மாற்றி மாற்றி அமைத்திருக்கிறார்கள்.

பட்டறையில் பிறந்த கருவி

இதைக் கண்டுபிடித்த பெருமை ஹவாய்த் தீவைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்பவருக்குத் தரப்படுகிறது. காலம் 1880களின் கடைசி. அப்போது அவர் பள்ளி மாணவர், கிட்டத்தட்ட நம் வயசு. கையில் கிடைத்த சீப்பு, கத்தி என்று ஒவ்வொன்றாகக் கம்பியில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பள்ளிப் பட்டறையிலேயே எஃகு உருளை ஒன்றைச் செய்துகொண்டார் என்று சொல்வார்கள். லேத்தின் முன்னால் நின்று கால் வலிக்கிறதே என்று முனகும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்!

இன்னொரு சங்கதி. உலகில் முதன்முதலாக விற்பனைக்கு வந்து வெற்றி பெற்ற மின்சார கிடாரே ஒரு ஸ்டீல் கிடார்தான். ஜார்ஜ் பீச்சம் என்பவரின் யோசனையில் ரிக்கன்பேக்கர் கம்பெனி 1932-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலுமினிய வார்ப்பு. வட்ட உடம்பும் நீளக் கைப்பிடியுமாக இருந்ததால் அதற்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர்.

இந்தியாவில் இதற்குத் தாய்வீடு கல்கத்தா. ஹவாய் இசைக் கலைஞரான தௌ மோ தம் குடும்பத்தோடு 1940களில் அங்கே தங்கி வாசித்தார். பிறகு வங்காளத்தில் வீட்டுக்கு வீடு ஹவாயன் கிடார் என்று ஆனது. சினிமாப் பாட்டுகளிலும் அந்த வழுக்கும் ஒலி புகுந்தது. தெற்கே நமக்கு இந்த வித்தை புதிதே இல்லை. கோட்டுவாத்தியம் என்கிற சித்திரவீணையிலும் மெட்டு கிடையாது. கருங்காலி அல்லது கொம்பு உருளையை வைத்து இழுத்துத்தான் வாசிப்பார்கள். திருவிடைமருதூர் சகாராம ராவ், நாராயண ஐயங்கார் போன்றவர்கள் அதைப் பெரிய கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனவர்கள். அதன் உடம்பு எந்த மரம் தெரியுமா? எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கிற பலா மரம்தான்!

ஏன் மாற்றினார்கள்?

கடையில் தொங்கும் கிடாரில் 6 கம்பி. நம் ராகத்துக்கு அது போதவில்லை. பிரிஜ் பூஷன் காப்ரா மேருவை உயர்த்தி, சுருதிக் கம்பி சேர்த்து, இந்துஸ்தானி ராகங்களை விஸ்தாரமாக வாசித்தார். 1967-ல் வந்த 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டில் சந்தூர், புல்லாங்குழலோடு கேட்கும் கிடார் இவருடையது. இவருடைய சீடர் கொல்கத்தா தேபாசிஷ் பட்டாச்சார்யா, சதுரங்கி என்று தனிக் கருவியே அமைத்தார். ஜெய்ப்பூர் விஸ்வ மோகன் பட் வளைந்த மேற்பலகை உள்ள கிடார் ஒன்றை எடுத்து, வாசிக்கும் கம்பிகள், சுருதிக் கம்பிகள், அடியில் 12 தரப் கம்பிகள் என்று சுமார் 20 கம்பிக்குக் கொண்டுபோய், மோகன வீணை என்று பெயர் வைத்தார். அதை வாசித்து, அமெரிக்கக் கலைஞர் ரை கூடருடன் 1994-ல் கிராமி விருதும் வாங்கினார்.

தரப் கம்பி என்பதை நாம் மீட்டுவதில்லை. மேலே ஒரு சுரம் ஒலித்தால், அதே சுருதியில் கட்டிய கீழ்க்கம்பி தானாக அதிரும். இயற்பியல் ஆய்வகத்தில் இசைக்கவை வைத்துப் பார்த்தோமே, அந்த ஒத்ததிர்வுதான். ஹாஸ்டல் ராத்திரியில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கீழ்க்கம்பிகளின் முணுமுணுப்புதான் என்று பிறகு புரிந்துகொண்டேன்.

கம்பியின் கணக்கு

சரி, கம்பி கூட்டினால் நல்லதுதானே, அப்புறம் என்ன பிரச்சினை? இங்கேதான் நம் பாடம் வேலைக்கு வருகிறது.

கம்பியின் நீளம், அதிர்வெண் இரண்டையும் பெருக்கி இரட்டிப்பாக்கி, அதை வர்க்கம் செய்து, ஒரு மீட்டர் கம்பியின் நிறையால் பெருக்கினால் இழுவிசை. 0.3 மி.மீ. எஃகுக் கம்பி, நீளம் 65 செ.மீ., அதிர்வெண் 330 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். சுமார் 10½ கிலோ எடை தொங்கும் இழுப்பு வந்தது. ஒரே ஒரு மெல்லிய கம்பிக்கு! 6 கம்பிக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 70 கிலோ. ஒரு மூட்டை நெல்லை ராத்திரி பகலாகத் தொங்கவிட்ட மாதிரி அந்த மரப்பெட்டி தாங்கிக்கொண்டிருக்கிறது.

இதில் 12 தரப் கம்பி சேர்த்தால்? மெல்லிய கம்பியானாலும் ஒவ்வொன்றும் 4 கிலோவுக்குக் குறையாது. மொத்தம் 50 கிலோ கூடுதல். சுருதிக் கம்பிகளையும் சேர்த்தால் பாரம் இரட்டிப்பாகிவிடும். கம்பி கூட்டாமல் சுருதியை மட்டும் ஏற்றினாலும் ஆபத்து உண்டு. ஒரு முழுச் சுரம் ஏற்றினால் அந்தக் கம்பியின் இழுப்பு 26 சதவீதம் கூடும். பழைய ஹவாயன் வழக்கமான 'ஏ' சுருதி அமைப்பில், சாதாரண கிடாரின் மூன்று கம்பிகளை இப்படி ஒரு முழுச் சுரம் ஏற்றுவார்கள்.

ஆகவே நண்பர்களே, ஒவ்வொரு மாற்றமும் ஒரு விசை. அந்த விசையை யார் தாங்குகிறார்கள் என்று கேட்பதுதான் பழைய கருவி வாங்குகிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அதை நான் கேட்க மறந்தேன்.

சேலத்துக் கடையில்

சேலத்தில் பழைய வாத்தியங்கள் விற்கும் கடை ஒன்றில் அதைப் பார்த்தேன். கொல்கத்தா வேலை, வளைந்த மேற்பலகை, வயசு நாற்பதுக்கு மேல் இருக்கும். உள்ளே ஒட்டிய லேபிள் கிழிந்திருந்தது. யாரோ ஒரு ரசிகர் கழுத்தின் பக்கவாட்டில் வரிசையாகத் துளை போட்டு, 11 முறுக்காணி செருகி, தரப் கம்பி கட்டியிருந்தார். குதிரையும் மேருவும் புதிது. பின்னால் ஒரு பிக்கப்பும் ஒட்டியிருந்தார்கள். கடைக்காரர் ஒரு தடவை உருளையை இழுத்துக் காட்டினார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன்!

விலை 9,000 ரூபாய். என்னிடம் இருந்தது 6,200. விடுமுறையில் நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்து சேர்த்தது 3,200. மீதி 3,000 அம்மா மிளகு விற்ற காசு. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். "படிப்புக்கு வேணும்னா எடுத்துக்கோ கண்ணு" என்று அம்மா கொடுத்த பணம் அது. கிடார் படிப்பா? அந்தக் கேள்வி எனக்குள்ளே இருந்தது, ஆனால் அந்தச் சத்தம் அதை அமுக்கிவிட்டது. மீதியைக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்றே முடிவு செய்துவிட்டேன்.

அப்பாவுக்குச் சேலத்தில் வேறு ஒரு வேலை இருந்தது. "நானும் வந்து பார்க்கறேன்" என்று கூடவே வந்தார். அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் ஏர், கட்டில், வீட்டுக் கூரை எல்லாம் அவர் கையால் செய்வார். கிடாரை அவர் அதுவரை தொட்டதே கிடையாது. கையில் வாங்கியவர் கம்பியைத் தட்டவில்லை. கழுத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துத் துளை வரிசையைப் பார்த்தார். நகத்தால் ஒரு கோட்டைத் தடவினார்.

"ஒரே ரேகையில இத்தனை தொளை போட்டா மரம் வாய் பிளக்காம என்ன பண்ணும்? ஏர்க்கால்லகூட நாங்க தள்ளித் தள்ளித்தான் போடுவோம்" என்றார்.

குனிந்து பார்த்தேன். இரண்டாவது துளையிலிருந்து ஐந்தாவது துளை வரை, தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். வார்னிஷ் பூசி மறைத்திருந்தது. எனக்குச் சுரீர் என்றது. ரிவெட் இணைப்புப் பாடத்தில் என்ன படித்தோம்? துளைக்கும் துளைக்கும் நடுவே போதுமான தூரம் விடாவிட்டால் தகடு அந்த வரிசையிலேயே கிழியும். பரீட்சையில் 10 மார்க் கேள்விக்குப் படம் போட்டு எழுதியவன் நான்! புத்தகத்தில் இருந்தது எனக்குக் கடையில் கண்ணில் படவில்லை. புத்தகமே படிக்காத அப்பாவுக்குப் பட்டது.

எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குக் கூடாது?

அதன் பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்தேன். நீங்கள் போகும்போது முதலிலேயே பாருங்கள்.

முதலில், பயப்பட வேண்டாதவை. மெட்டு தேய்ந்திருந்தால் கவலை இல்லை, நாம் அதைத் தொடப்போவதே இல்லை. பெயிண்ட் உரிந்தது, கீறல், முறுக்காணி மாற்றியது, இவையெல்லாம் விலை பேச உதவும், ஒலியைக் கெடுக்காது. கம்பெனிப் பெயருக்கும் ரொம்ப மயங்க வேண்டாம். இத்தனை மாற்றம் செய்த பிறகு அது அந்தக் கம்பெனியின் கருவி இல்லை, மாற்றியவரின் கருவி.

அடுத்து, பயப்பட வேண்டியவை. குதிரைக்குக் கீழே மேற்பலகை அமுங்கியிருக்கிறதா? ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் தெரிந்துவிடும். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் காகிதம் நுழையும் இடைவெளி இருக்கிறதா? கழுத்து கொஞ்சம் வளைந்திருப்பதுகூட ஸ்டீல் கிடாருக்குப் பரவாயில்லை. ஆனால் அந்த வளைவு நின்றுவிட்டதா, இன்னும் வளர்கிறதா என்பதுதான் விஷயம். எல்லாக் கம்பியையும் முழுச் சுருதிக்கு ஏற்றச் சொல்லுங்கள். அரைமணி நேரம் கடையிலேயே உட்காருங்கள், டீ குடியுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது சுருதி நன்றாக இறங்கியிருந்தால், முறுக்காணி வழுக்குகிறது அல்லது மரம் நகர்கிறது. கம்பியைத் தளர்த்தி வைத்துக் காட்டினால் வாங்காதீர்கள்.

பிக்கப் இருந்தால் நம் எலெக்ட்ரிகல் பிரிவு நண்பரிடமிருந்து ஒரு மல்டிமீட்டர் இரவல் வாங்கிப் போங்கள். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி இருக்கும் வகையானால், மீட்டர் பெரும்பாலும் 5 முதல் 15 கிலோ ஓம் வரை காட்டும். முள் அசையவே இல்லை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. தொட்டால் கையில் சுள்ளென்று அடித்தால், எர்த் சரியில்லாத ஆம்ப்ளிஃபையர், உடனே நிறுத்துங்கள். அது இசைப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

வெளிநாட்டில் பெடல் ஸ்டீல் என்று ஒரு வகை உண்டு. 1954-ல் வந்த 'ஸ்லோலி' என்ற பாட்டில் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்துக் கம்பியின் சுருதியை ஒலிக்கும்போதே மாற்றிக் காட்டிய பிறகு அமெரிக்காவில் அது பிரபலமானது. நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும் மேஜை மாதிரி இருக்கும். காலில் 3 பெடல், முழங்காலில் 4 அல்லது 5 நெம்புகோல், அடியில் இழுகம்பிகள், மணிக்கட்டு மாதிரி திரும்பும் இணைப்புகள். முழுக்க நம்ம டிபார்ட்மென்ட் சமாச்சாரம்! அதைப் பழசாக வாங்குகிறவர்களும் இதையேதான் பார்க்கிறார்கள். பெடலை விட்டதும் கம்பி பழைய சுருதிக்கே திரும்புகிறதா? இணைப்பில் ஆட்டம் இருக்கிறதா? முன்னால் வைத்திருந்தவர் தன் வசதிக்குச் சேர்த்த நெம்புகோல் நம் காலுக்கு எட்டுமா? அடுத்தவர் செருப்பு எவ்வளவு நல்ல தோலானாலும் நம் காலுக்கு அளவு பார்க்கத்தானே வேண்டும்!

மலையில் வாழ்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரம் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் கக்கும். சேலத்து வெயிலில் காய்ந்த கருவியை 1,000 மீட்டருக்கு மேலே மழைமூட்டத்துக்குக் கொண்டுபோனால் அது அசையத்தான் செய்யும். ஏற்கெனவே விரிசல் உள்ளது என்றால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் என்ன ஆச்சு?

கடைக்காரர் நல்ல மனுஷர்தான். விரிசல் அவருக்கே தெரியாது போலிருந்தது. "தம்பி, 5,000 குடு, எடுத்துக்கோ" என்றார். கையில் பணம் இருந்தது. ஆசையும் இருந்தது. அப்பாவைப் பார்த்தேன். "உன் காசு, நீயே யோசி" என்று வெளியே போய் நின்றுகொண்டார். தரப் கம்பியை எல்லாம் கழற்றிவிட்டு வாங்கினால் கழுத்து தாங்கலாம். ஆனால் எந்த ஒலிக்காக மயங்கினேனோ அது போய்விடும். கட்டியே வைத்தால் ஒலி இருக்கும், ஒருநாள் கழுத்து இருக்காது. இரண்டு பக்கமும் கணக்கு உதைத்தது. "வேண்டாங்க" என்று சொன்னேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது என்பதை மறைக்கவில்லை. "கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி வைங்க, விரிசல் பெருசாகாது" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவரும் என் முன்னாலேயே ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்.

அடுத்த மாதம் யாரும் மாற்றாத சாதாரணப் பழைய கிடார் ஒன்று 2,300 ரூபாய்க்குக் கிடைத்தது. மேருவை உயர்த்தும் துண்டை நம் பட்டறையில் நானே அரம் போட்டுச் செய்தேன். உருளையையும் நானே லேத்தில் கடைந்தேன். துருப்பிடிக்காத எஃகு, 20 மி.மீ. விட்டம், 75 மி.மீ. நீளம். கணக்கின்படி 186 கிராம், கேன்டீன் தராசில் 185. பட்டறை ஆசிரியர் எமரித்தாள் போட்டுக் கண்ணாடி மாதிரி மெருகேற்றச் சொன்னார். சொரசொரப்பு இருந்தால் கம்பியில் கீச்சொலி வரும்.

அம்மாவின் 3,000-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். லீவில் ஊருக்குக் கொண்டுபோய்த் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். வாசித்தேன் என்பது பெரிய வார்த்தை, இழுத்தேன். அம்மா "பூனை கத்தற மாதிரி இருக்கு" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொல்லையில் போன வருஷக் காற்றில் சாய்ந்த பலாவின் அடித்துண்டைப் பாதுகாப்பாக நிழலில் போட்டு வைத்திருக்கிறார். "காயட்டும். ரெண்டு மூணு வருஷம் ஆகும். அப்புறம் நீ கணக்குப் போட்டுக் குடு, எங்கே தொளை போடணும்னு" என்றார். 12 தரப் கம்பிக்கு முறுக்காணிகளை இரண்டு வரிசையாகத் தள்ளித் தள்ளிப் படம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நண்பர்களே, பழைய கருவியை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பழைய கருவிகள் மாற்றி அமைத்தவரின் அறிவால் புதிதைவிட நன்றாகப் பாடுகின்றன. வாங்குங்கள். ஆனால் எதற்காக இதை மாற்றினார்கள், இந்தப் பாரத்தை எது தாங்குகிறது, வேண்டாமென்றால் பழையபடி ஆக்க முடியுமா என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகு பணத்தை எடுங்கள். கிடாருக்கு மட்டுமில்லை, பழைய பைக், பழைய லேத், பழைய மோட்டார் எதற்கும் இதே கேள்விதான். கூட ஒரு ஆளையும் அழைத்துப் போங்கள். அவர் படித்தவராக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.